மோகன் குமாரமங்கலம்: கண்ணுக்குத் தெரியாத ஓடுபாதை

நிலக்கரித் துறை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஒரு தமிழரின் பெயர் தவறாமல் வந்து நிற்கும். நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமை ஆனபோது எஃகு மற்றும் சுரங்கத் துறை அமைச்சராக இருந்த எஸ். மோகன் குமாரமங்கலம்தான் அவர். உச்சநீதிமன்ற நீதிபதிகளின் பணிமூப்பு குறித்த சர்ச்சையிலும் அவர் பெயர் வரும். அவரைப் போற்றுவோரும் உண்டு, தூற்றுவோரும் உண்டு. இரு தரப்பாரின் வாழ்க்கைக் குறிப்புகளிலும் கடைசி வரி மட்டும் ஒன்றாகவே இருக்கும்: 1973-ஆம் ஆண்டு மே 31 அன்று விமான விபத்தில் காலமானார்.

அந்த வரியோடு கட்டுரை முடிந்துவிடும். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அவருடைய கொள்கைகளைப் போலவே அந்தக் கடைசி வரியும் விரித்துப் படிக்கத் தக்கது என்று நான் கருதுகிறேன். அரசுத் துறையின் ஆற்றலில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டிருந்த ஒருவர், அரசு நிறுவனத்தின் விமானத்தில், அரசின் விமான நிலையத்தை நெருங்கும்போது, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத இரவில் உயிரிழந்தார். இது விதியின் விளையாட்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்தால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை விட்டுவிடுவோம்.

குமாரமங்கலம் என்பது திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள ஜமீன் ஊர். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, களமருதூர்ப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு மலைக்கு அப்பால் விரியும் பழைய சேலம் மாவட்டம் அந்நியமானது அன்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும், ஆடு மாடு வாங்குவதும் விற்பதும் மலையின் இருபுறமும் நடப்பவைதாம். அந்த ஜமீனின் வாரிசான டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அவருடைய மகன் மோகன் 1916 நவம்பர் 1 அன்று லண்டனில் பிறந்தார்.

அந்தக் குடும்பத்தைப் போல் ஒன்றை இந்திய அரசியலில் தேடினாலும் காண்பது அரிது. மூத்தவர் பி.பி. குமாரமங்கலம் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக 1966 முதல் 1969 வரை இருந்தார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் கோவையின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். ஜமீன்தார் வீட்டில் ஒருவர் தளபதி, இருவர் கம்யூனிஸ்டுகள்! தந்தையோ காங்கிரஸ்காரர். 1959 முதல் 1962 வரை மத்தியில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தார் சுப்பராயன். விமானப் போக்குவரத்தும் அன்று அந்த அமைச்சகத்துக்குள்தான் இருந்தது. பின்னால் வரப்போகும் செய்திக்கு இதை நினைவில் கொள்வது நல்லது.

மோகன் ஈட்டன் பள்ளியிலும், பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். கேம்பிரிட்ஜ் மாணவர் விவாத மன்றத்தின் தலைவராக 1938-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழக்குரைஞர் படிப்பையும் முடித்தார். பொருளாதாரப் பெருமந்தம், ஸ்பெயின் உள்நாட்டுப் போர், ஹிட்லரின் எழுச்சி ஆகியவற்றை மாணவப் பருவத்தில் கண்ட அந்தத் தலைமுறையில் பலர் இடதுசாரிகளாக மாறினர். ஜோதி பாசு, பூபேஷ் குப்தா, பி.என். ஹக்சர் முதலானோர் அதே காலத்தில் இங்கிலாந்தில் இருந்தவர்கள். மோகன் 1939-இல் நாடு திரும்பியபோது கம்யூனிஸ்டாகவே திரும்பினார்.

திரும்பியவருக்குக் காத்திருந்தது சிறை. பி. ராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம் முதலியோருடன் சென்னைச் சதி வழக்கில் அவரும் சேர்க்கப்பட்டார். ஈட்டனில் படித்த ஜமீன்தார் மகன் பிரிட்டிஷ் அரசின் சிறையில் இருந்தது அந்நாளில் பெரும் பேச்சாக இருந்திருக்கும். விடுதலைக்குப் பிறகும் அவர் பாதை மாறவில்லை. கட்சிப் பணியும் வழக்குரைஞர் தொழிலும் இணைந்தே சென்றன. மொழிப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த 1965-இல் இந்தியாவின் மொழிச் சிக்கல் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். 1966-இல் சென்னை மாநில அரசின் தலைமை வழக்குரைஞர் ஆனார்.

அந்த ஆண்டுகளில் அவருடைய சிந்தனையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. கம்யூனிஸ்டுகள் காங்கிரஸை வெளியிலிருந்து எதிர்ப்பதைவிட, அதற்குள் சென்று அதன் கொள்கையை இடப்பக்கம் திருப்புவதே பயன் தரும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவர் பெயராலேயே அறியப்பட்ட கருத்து இது. அவரும் காங்கிரஸில் சேர்ந்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்றவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். என் கணிப்பு வேறு. வசதியும் பட்டமும் இருந்தும் இளமையைச் சிறையில் கழித்த ஒருவருக்குப் பதவி பெரிய கவர்ச்சியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. கொள்கையைச் செயலாக்க ஒரு கருவி வேண்டும் என்று அவர் தேடினார். இந்திரா காந்தியின் அரசில் அது கிடைக்கும் என்று நம்பினார்.

அமைச்சர் ஆவதற்கு முன்பே ஒரு பொதுத் துறை நிறுவனத்தை வழிநடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸ். 1953-இல் எட்டு விமான நிறுவனங்களை அரசு எடுத்துக்கொண்டு உருவாக்கிய உள்நாட்டு விமானக் கழகத்தின் தலைவராக அவர் பணியாற்றினார். தந்தையின் அமைச்சகத்தில் ஒருகாலத்தில் இருந்த துறை, மகனின் பொறுப்புக்கும் வந்தது.

1971 தேர்தலில் புதுச்சேரித் தொகுதியில் வென்று மக்களவைக்குச் சென்றார். உடனே எஃகு மற்றும் சுரங்கத் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகு அவருக்கு வாய்த்தவை இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும் மட்டுமே. அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்தவற்றைப் பட்டியலிட்டால் வியப்பாக இருக்கும். எஃகு ஆலைகளுக்கு இன்றியமையாத உருக்கு நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை 1971 அக்டோபரில் அரசு ஏற்றது. 1972 மே 1 முதல் 214 சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. 1973 ஜனவரியில் பொதுத் துறை எஃகு நிறுவனங்களுக்கெல்லாம் தலைமை நிறுவனமாக செயில் உருவானது. அதே மாத இறுதியில் ஏனைய நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகமும் அரசின் கைக்கு வந்தது. 1973 மே 1 அன்று மேலும் 711 சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. சேலத்து மக்கள் நெடுநாள் கேட்டுப் போராடிய உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. அதன் தொடக்கப் பணிகளும் அவருடைய அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தன.

சுரங்கங்களை ஏன் எடுக்க வேண்டும்? அவர் தரப்பின் வாதத்தில் இரண்டு கூறுகள் உண்டு. உருக்கு நிலக்கரி நம் நாட்டில் அளவோடுதான் இருக்கிறது. தனியார் உரிமையாளர்களில் பலர் எளிதில் எடுக்கக்கூடிய மேல்படிவை மட்டும் வெட்டி விற்றுவிட்டு, மீதியை எடுக்க முடியாதபடி பாழாக்கினார்கள். இது முதல் கூறு. இரண்டாவது, தொழிலாளர்களின் உயிர். 1965-இல் பிகாரின் டோரி சுரங்கத்தில் ஒரே வெடிப்பில் 268 பேர் மாண்டனர். காற்றோட்டம், தாங்குகட்டை, தூசி நீக்கம் ஆகியவற்றுக்குச் செலவிட்டால் லாபம் குறையும் என்று எண்ணும் உரிமையாளரிடம் சுரங்கத்தை விட்டுவைப்பது அறமாகாது என்று அவர் கருதினார்.

வாதம் வலுவானது. ஆனால் அதில் ஓர் இடைவெளி உண்டு. உடைமை மாறினால் பாதுகாப்பு தானாக வந்துவிடுமா? 1975 டிசம்பரில் சஸ்னாலா சுரங்கத்தில் நீர் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தச் சுரங்கம் இந்திய இரும்பு எஃகு நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் நிர்வாகத்தை 1972-இலேயே அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. அப்போது எஃகுத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம்தான். சஸ்னாலாவைப் பார்க்க அவர் இல்லை. இருந்திருந்தால் தம் வாதத்தில் அடுத்த அத்தியாயத்தை எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன். விமர்சனத்துக்குப் பதில் எழுதாமல் விடும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

அவர் வாழ்வின் கடைசி மாதம் கடும் சர்ச்சையில் கழிந்தது. கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு 1973 ஏப்ரல் 24 அன்று வந்தது. மறுநாளே பணிமூப்பில் முன்னிருந்த மூன்று நீதிபதிகளைக் கடந்து ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். நாடாளுமன்றத்தில் அரசின் முடிவுக்கு வாதாடிய முதன்மைக் குரல் சட்ட அமைச்சருடையதாக இருந்திருக்க வேண்டும். அதைவிட ஓங்கி ஒலித்தது எஃகு அமைச்சரின் குரல். நீதித் துறையின் தன்னாட்சிக்கு இதனால் நேர்ந்த பாதிப்பை நியாயப்படுத்த என்னால் இயலாது. அவருடைய அரசியல் வாழ்வில் மிகத் தவறான நிலைப்பாடு அதுவே. அந்தச் சூடு தணிவதற்குள் மே 31 வந்துவிட்டது.

அன்று சென்னையிலிருந்து தில்லிக்குப் புறப்பட்டது இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம். சாரங்கா என்று அதற்குப் பெயர். 65 பேர் இருந்தனர். இரவில் தில்லியின் பாலம் விமான நிலையத்தை நெருங்கியபோது புழுதிப் புயல் வீசிக்கொண்டிருந்தது. மே, ஜூன் மாதங்களில் வடநாட்டுச் சமவெளியில் இது வழக்கம். இடிமேகத்திலிருந்து கீழே பாயும் குளிர்க்காற்று, வெயிலில் வறண்ட மண்ணைச் சுவர்போல் எழுப்பிக்கொண்டு வரும். சில நிமிடங்களில் பார்வைத் தூரம் சில நூறு மீட்டராகச் சுருங்கிவிடும். விமானம் ஓடுபாதையை எட்டும் முன்பே உயரழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்து தீப்பற்றியது. 48 பேர் இறந்தனர். மோகன் குமாரமங்கலத்துடன் பஞ்சாபின் முன்னாள் முதல்வர் குர்னாம் சிங், தொழிற்சங்கத் தலைவர் சதீஷ் லூம்பா ஆகியோரும் மாண்டனர். அதே விமானத்தில் வந்த இன்னும் இரண்டு அமைச்சர்கள், ரகுராமையாவும் பால்கோவிந்த் வர்மாவும், உயிர் தப்பினர். மோகனுக்கு அப்போது 56 வயது.

விசாரணையின் முடிவு சுருக்கமானது. பார்வைத் தூரம் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் குறைவாக இருந்தது. ஓடுபாதை கண்ணில் படாத நிலையிலேயே, இறங்கக்கூடாத உயரத்துக்குக் கீழே விமானம் இறங்கிவிட்டது. விமானிகளின் தவறு என்பது இதன் பொருள். ஆனால் அந்தச் சொற்களின் பின்னால் ஒரு தொழில்நுட்பமே இருக்கிறது.

மார்கழி விடியலில் உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் பனி மூடும்போது பேருந்து ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து செல்வார். ஒன்றுமே தெரியாவிட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். விமானத்துக்கு ஓரங்கட்டும் வசதி கிடையாது. வேகத்தைக் குறைத்தாலும் ஓர் எல்லைக்குக் கீழே குறைக்க முடியாது, குறைத்தால் விழுந்துவிடும். ஆகவே ஓடுபாதை எங்கே, அது எவ்வளவு கீழே என்ற இரண்டையும் கண்ணுக்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எங்கள் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே ஒரு விமான ஓடுதளம் அமைத்தார்கள். இன்று அது கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அந்நாளில் இத்தகைய தளங்களில் இறங்கிய விமானிகளுக்குத் திசைகாட்டியும் உயரமானியும் கண்ணுமே பெரும் துணை. அதே போரின்போது இங்கிலாந்தில் ஓடுபாதையின் இருமருங்கும் குழாய் பதித்துப் பெட்ரோலை எரித்து மூடுபனியை விரட்டினார்கள். விமானத்தை இறக்க உலகம் கண்ட வழிகளில் மிகவும் செலவு பிடித்த வழி அதுவாகத்தான் இருக்கும்.

சாரங்கா விமானம் அன்று பின்பற்றியது என்.டி.பி. எனப்படும் முறையை. தரையில் ஒரு சிறு வானொலி நிலையம் எல்லாத் திசையிலும் அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். விமானி அறையில் உள்ள ஒரு முள் அந்த நிலையம் இருக்கும் திசையைக் காட்டும். அவ்வளவுதான். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், சரியான சாய்வில் இறங்குகிறோமா என்பதை அது சொல்லாது. உயரமானியையும் கடிகாரத்தையும் பார்த்து விமானியே கணக்கிட வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. அருகில் இடி மின்னல் இருந்தால் முள் நிலையத்தை விட்டுவிட்டு மின்னலின் பக்கம் ஆடும். மோசமான வானிலையில்தான் கருவி அதிகம் தேவை. அப்போதுதான் அதன் பேச்சு குழறும். இதனால்தான் இந்த முறைக்குக் குறைந்தபட்ச இறங்கு உயரம் என்று ஒன்றை வகுத்தார்கள். அந்த உயரம்வரை இறங்கலாம். அங்கே ஓடுபாதை தெரிந்தால் மேற்கொண்டு இறங்கலாம். தெரியாவிட்டால் ஏறிவிட வேண்டும். சுற்றி வந்து மறுபடி முயலலாம், அல்லது வேறு ஊருக்குப் போகலாம். மலை, கட்டடம், கோபுரம், மின்கம்பி எல்லாவற்றையும் கணக்கிட்டுப் போடப்பட்ட கோடு அது. கோட்டுக்கு மேலே இருக்கும்வரை மின்கம்பி ஆபத்தானது அன்று.

இதைவிடத் துல்லியமான ஐ.எல்.எஸ். முறையும் அப்போதே உலகில் பழகிப் போயிருந்தது. ஓடுபாதையின் மறுகோடியில் ஓர் அலைபரப்பியும், விமானம் தரை தொடும் இடத்துக்கு அருகே இன்னொன்றும் இருக்கும். முதலாவது இடமா வலமா என்று சொல்லும். இரண்டாவது மேலா கீழா என்று சொல்லும். ஒவ்வொன்றும் இரண்டு வேறு சுருதிகளை அனுப்புகின்றன. இரண்டும் சம வலிமையில் கேட்டால் விமானம் நடுக்கோட்டில் இருக்கிறது என்று பொருள். சாய்வு பொதுவாக மூன்று பாகை, அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் சுமார் 50 மீட்டர் இறக்கம். 1938 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பனிப்புயலுக்கிடையே ஒரு பயணிகள் விமானம் இந்த முறையில் இறங்கியது. 1965 ஜூனில் லண்டன் ஹீத்ரோவில் பயணிகளுடன் ஒரு டிரைடென்ட் விமானம் தானியங்கியாகவே தரை தொட்டது. லண்டனின் மூடுபனி அந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தது.

கருவி இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. சாரங்கா விழுவதற்கு ஓராண்டுக்குச் சற்று முன்பு, 1972 ஜூன் 14 அன்று, இதே பாலம் விமான நிலையத்தை ஐ.எல்.எஸ். உதவியோடு நெருங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் யமுனைக் கரையில் விழுந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விமானிகள் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றது இந்தியத் தரப்பு. இறங்கு சாய்வைக் காட்டும் அலையே பிழையாக இருந்தது என்றது ஜப்பான் தரப்பு. அந்தக் கருத்து வேறுபாடு தீரவே இல்லை. ஓராண்டு இடைவெளியில் ஒரே தலைநகர் விமான நிலையத்தின் அருகே இரண்டு பெரும் விபத்துகள். தரையை நெருங்கினால் எச்சரிக்கைக் குரல் எழுப்பும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியதே 1974 டிசம்பரில் அங்கு நேர்ந்த ஒரு விபத்துக்குப் பிறகுதான். ஆகவே 1973-இல் நம்மிடம் அது இல்லையே என்று குறைகூறுவது நியாயமாகாது. ஆனால் மோசமான வானிலையில் திரும்பிப் போவதற்கு விமானிக்குத் தயக்கம் இருக்கக்கூடாது என்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இங்கேதான் பொருளியல் வருகிறது. பொதுப்பண்டம் என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க எங்கள் துறையில் காலங்காலமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு கலங்கரை விளக்கம். அதன் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதால் இன்னொரு கப்பலுக்குக் குறையாது; காசு கொடுக்காத கப்பலின் கண்ணை மறைக்கவும் முடியாது. ஆகவே அரசே அமைக்க வேண்டும் என்பார்கள். ரொனால்ட் கோஸ் 1974-இல் ஒரு கட்டுரை எழுதி இதை மறுத்தார். இங்கிலாந்தில் துறைமுகக் கட்டணத்தின் மூலம் தனியாரும் விளக்கங்களை நடத்தினார்கள் என்று காட்டினார். விமான நிலையத்தின் வானொலி விளக்கும் அத்தகைய ஒன்றே. விமான நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கட்டுகின்றன. கட்டுவது இறுதியில் பயணச்சீட்டு வாங்கும் நாம். யார் அமைப்பது, யார் பணம் தருவது என்பதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறோம். அந்த விளக்கு மங்கலாகத் தெரியும்போது யார் நில் என்று சொல்வது, அப்படிச் சொன்னவரைத் தாமதத்துக்காகக் கடிந்துகொள்ளாமல் இருப்பது எப்படி என்பதை எங்கள் பாடநூல்கள் அதிகம் பேசவில்லை. ஒரு விமானத்தைத் திருப்பி அனுப்பினால் எரிபொருள் வீணாகும், பயணிகள் முணுமுணுப்பார்கள், மறுநாள் அட்டவணை குலையும். இந்தச் செலவுகள் அன்றே கணக்கில் தெரியும். திரும்பியதால் நேராமல் போன விபத்து எந்தக் கணக்கேட்டிலும் வரவு வைக்கப்படுவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் நீர்க்கசிவு தெரிந்ததும் வேலையை நிறுத்தும் மேலாளருக்கும் இதே நிலைதான். சஸ்னாலாவும் பாலமும் எனக்கு ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்களாகத் தோன்றுவது இதனால்தான்.

மோகன் குமாரமங்கலத்தின் கேள்வி, யாருக்கு உடைமை என்பது. அது தேவையான கேள்விதான். யாருக்கு நிறுத்தும் அதிகாரம் என்ற கேள்வி அதனுள் அடங்கிவிடாது. தனியாக எழுப்பப்பட வேண்டியது. தனியார் நிறுவனத்திலும் அது எழும், அரசு நிறுவனத்திலும் எழும்.

அதன் பின் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. தில்லி விமான நிலையத்தில் மூன்றாம் வகை ஐ.எல்.எஸ். 2000-களில் நடைமுறைக்கு வந்தது. முதல் வகையில் விமானி 200 அடி உயரத்தில் ஓடுபாதையின் விளக்குகளைக் கண்டாக வேண்டும். இரண்டாம் வகையில் 100 அடி. மூன்றாம் வகையின் உயர்நிலையில் 50 அடிக்கும் கீழ்வரை கருவியை நம்பியே வரலாம். ஆனால் விமான நிலையம், விமானம், விமானி ஆகிய மூவருக்கும் அந்தத் தகுதி இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை. டிசம்பர் மாதத் தில்லி மூடுபனியில், தகுதி பெற்ற விமானியைப் பணியில் அமர்த்தாத நிறுவனங்களிடம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விளக்கம் கேட்ட செய்திகளை நாம் படித்ததுண்டு. பயிற்சிக்கும் செலவுண்டு, பனி இல்லாத நாள்களில் அது வீண்செலவாகத் தெரியும்.

ஓடுபாதையில் எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்பதை அளப்பதும் முன்பு இறக்குமதிக் கருவிகளின் வேலையாக இருந்தது. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளிப் பயணவியல் ஆய்வகம், திருஷ்டி என்ற கருவியை உருவாக்கியது. ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி, சிறிது தூரத்துக்கு அப்பால் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்து, இடையிலுள்ள பனியின், புகையின், புழுதியின் அடர்த்தியை அது கணிக்கிறது. போகி விடியலில் நாம் கொளுத்தும் பழம்பொருள்களின் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாவதும் திருப்பிவிடப்படுவதும் நடக்கும்போது, அந்த முடிவுகளுக்கு அடிப்படை இத்தகைய அளவீடுகளே.

சிறு விமான நிலையங்களுக்கு இன்னும் முக்கியமானது ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு இது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அலைகள் அயனமண்டலத்தைக் கடந்து வரும்போது பிழைபடுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நம் நாட்டில் இந்தப் பிழை அதிகம்; நேரத்துக்கு நேரம் மாறவும் செய்யும். நாடெங்கும் உள்ள தரை நிலையங்கள் பிழையை அளந்து, திருத்தத்தை நம்முடைய ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானத்துக்கு அனுப்புகின்றன. அதைக் கொண்டு, தரையில் ஐ.எல்.எஸ். கம்பங்கள் இல்லாத ஓடுபாதைக்கும் சாய்வுக்கோடு வரைய முடிகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஓர் ஏ.டி.ஆர். விமானம் இந்த முறையில் சோதனையாக இறங்கியது. இடமா வலமா என்பதை மட்டும் சொன்ன முள்ளுக்கும், மேலா கீழா என்பதையும் விண்ணிலிருந்தே சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருக்கிறது. சாரங்கா விழுந்த ஆண்டில் இந்தியா தனக்கென ஒரு செயற்கைக்கோள்கூட ஏவியிருக்கவில்லை. ஆரியபட்டா பறந்தது 1975-இல்.

தந்தை இறந்தபோது ரங்கராஜன் குமாரமங்கலத்துக்கு 21 வயது. பிற்காலத்தில் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மக்களவைக்குச் சென்ற அவர், வாஜ்பாய் அரசில் மின் துறை அமைச்சரானார். தந்தை அரசுடைமை ஆக்கிய நிலக்கரியை எரிக்கும் அனல் மின் நிலையங்கள் மகனின் துறையின் கீழ் இருந்தன. அவரும் 48 வயதிலேயே, 2000 ஆகஸ்டில் நோயால் இறந்தார்.

மோகன் குமாரமங்கலம் கொண்டுவந்த நிலக்கரி அரசுடைமைச் சட்டங்கள் இரண்டும் 2018-இல் நீக்கப்பட்டுவிட்டன. சுரங்கங்களை ஏலத்தில் தனியார் எடுக்கிறார்கள். அது சரியா தவறா என்ற விவாதம் நாடாளுமன்றத்தில் நடந்தது, இன்னும் நடக்கும். விமானி அறையில் வைத்திருக்கும் தரையிறங்கு வரைபடத்தில் குறைந்தபட்ச உயரம் என்ற எண் மட்டும் அன்றுபோல் இன்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த உயரம் வந்ததும் இப்போதைய விமானங்களில் ஓர் இயந்திரக் குரல் அதை அறிவிக்கும். இறங்குவதா, ஏறுவதா என்று விமானி அந்த நொடியே சொல்லியாக வேண்டும்.